முதல் கதைக்கும் முதல் புத்தகத்துக்கும் நடுவில்

என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சாகி வந்தபோது 300 பிரதிகளையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அச்சுக்கூலி நான்தான் கட்டியிருந்தேன். அதனால் புத்தகம் மொத்தமும் என்னிடமே வந்து சேர்ந்தது. வெளியீட்டு விழாவில் நாற்பது போயிற்று. அப்புறம் கல்யாண வீடு, காதுகுத்து, பணி ஓய்வு பெறும் மேலாளர் என்று யார் அகப்பட்டாலும் ஒரு பிரதி. மீதி கட்டிலுக்கடியில் ஆறு வருஷம் கிடந்தது. கடைசியில் அட்டை முதல் அட்டை வரை அதை வாசித்து முடித்தது கரையான்தான். அதிலிருந்த ஒன்பது கதைகளில் இன்று கூச்சமில்லாமல் எடுத்துக் காட்டக்கூடியவை இரண்டு.

எழுத வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "புக் போட எவ்வளவு ஆகும்?" என்பதுதான். ஆகும் செலவு இப்போது குறைவு. டிஜிட்டல் அச்சு வந்த பிறகு ஐம்பது பிரதிகூட அடித்துக்கொள்ளலாம், ஒரே மாதத்தில் கையில் கிடைக்கும். அதனாலேயே, புத்தகம் வந்துவிட்டது என்பதை வைத்து ஒருவர் எழுதத் தெரிந்தவர் என்று யாரும் இப்போது முடிவு செய்வதில்லை. முதல் கதைக்கும் முதல் புத்தகத்துக்கும் நடுவே மூன்று, நான்கு வருஷம் விடுங்கள் என்பது என் யோசனை. அந்த வருஷங்களில் என்ன செய்வது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வடிவம் சிறுகதை. அதை வைத்தே சொல்கிறேன்.

வேலையை விட்டுவிடாதீர்கள்

முதலில் கணக்கு. 200 ரூபாய் விலையுள்ள புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். புதியவரின் தொகுப்பு இரண்டு வருஷத்தில் 500 பிரதி விற்றால் பதிப்பாளர் சந்தோஷப்படுவார்; உங்களுக்கு வருவது 10,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு. இதை நம்பி வீட்டு வாடகைக்கு ஒப்புக்கொள்ள முடியாது.

தமிழில் இது புதிய நிலைமையும் இல்லை. சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார். அசோகமித்திரன் பத்து வருஷத்துக்கு மேல் ஜெமினி ஸ்டூடியோவில் சம்பளம் வாங்கினார். ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். கதைகளும் அந்தத் தெருவிலிருந்தே வந்தன. கி. ராஜநாராயணன் எழுத வந்தபோது முப்பதைத் தாண்டிய விவசாயி. வேலை நேரத்தைத் தின்னும், உண்மைதான். ஆனால் அதுதான் ஆட்களையும் பேச்சையும் கொண்டுவந்து உங்கள் முன்னால் கொட்டுகிறது. முழுநேரம் எழுதுகிறேன் என்று அறைக்குள் போய் உட்கார்ந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். இரண்டாவது வருஷம் அவர்கள் கதையில் வருகிறவன் அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறவனாக இருப்பான்.

தினம் நாற்பது நிமிடம் போதும். காலையோ இரவோ, ஒரே நேரமாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வைத்து ஐந்து மணிநேரம் எழுதிவிடலாம் என்பது நடக்காது. ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் விருந்தாளி வருவார்கள்.

காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நோட்டு

சட்டைப்பையில் அடங்குகிற நோட்டு ஒன்று வாங்குங்கள். போனில் குறித்தாலும் சரிதான், ஆனால் போனை எடுத்தால் வேறு எங்கோ போய்விடுகிறோம். இந்த நோட்டில் உங்கள் எண்ணங்களை எழுதாதீர்கள். அடுத்தவர் சொன்னதை, அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

ஒருமுறை ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றார். கைரேகை இயந்திரத்தில் விரலை வைக்கிறார், விழவில்லை. துடைத்து வைக்கிறார், விழவில்லை. வேறு விரல். கடைக்காரர், "நாளைக்கு வா ஆயா" என்கிறார். பாட்டி தன் விரலைப் பார்த்தபடி, "அறுபது வருஷம் பாத்திரம் தேச்சதுல ரேகையெல்லாம் அழிஞ்சிடுச்சு. இப்ப நான்தான் நானுன்னு எத வச்சுடா நம்புவ?" என்றார். நான் வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்து, வரும் வழியிலேயே பாதி வார்த்தையை மறந்தேன். மேலே இருப்பதுகூட நினைவிலிருந்து ஒட்டவைத்ததுதான். அசல் இதைவிட நன்றாக இருந்தது. அன்று மாலையே நோட்டு வாங்கினேன்.

அந்த வரி நேராகக் கதையாகிவிடாது. என் விஷயத்தில் நான்கு வருஷம் கழித்து வேறொரு பெண்ணின் வாயில் போய் உட்கார்ந்தது.

வாசிப்பதில் ஒரு உருப்படியான வேலை

நிறைய வாசியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். அதற்கு மேல் ஒன்று: உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு சிறுகதையை எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கையால் படியெடுங்கள். வெளியிட அல்ல, பார்க்க. கண்ணால் வாசிக்கும்போது தெரியாதவை கை வலிக்கும்போது தெரியும். இத்தனை சின்னப் பத்தியிலா அந்தச் சாவு நடந்து முடிந்தது? இந்த ஆளின் முகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, எனக்கு எப்படி முகம் தெரிந்தது? உரையாடலுக்குப் பிறகு 'என்றான்' தவிர வேறெதுவும் போடவில்லையே? இப்படி மூன்று கதை படியெடுத்தால், ஒரு எழுத்துப் பட்டறையில் உட்கார்ந்து வந்த பலன் உண்டு.

புத்தகம் வாங்கக் காசில்லை என்பது இப்போது பெரிய தடையில்லை. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகச் சொற்பத் தொகைதான். சென்னையில் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுமைப்பித்தன் எழுத்துகள் 2002-இல் நாட்டுடைமையாயின. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் பழைய இலக்கியம் ஏராளம். பழையவர்களை மட்டும் வாசித்துவிட்டு எழுத உட்காராதீர்கள் என்பது இதற்குள் ஓர் எச்சரிக்கை. உங்கள் வயதுக்காரர்கள் இந்த வருஷம் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாவிட்டால், ஐம்பது வருஷத்துக்கு முன்பே எழுதித் தீர்த்த கதையைப் புதிதென்று நினைத்து எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் பிரதி மோசமாகத்தான் இருக்கும்

இனி எழுதுவது. முதல் பிரதியை, அதாவது கதையின் முதல் வடிவத்தை, நிறுத்தாமல் முடித்துவிடுங்கள். பாதியில் திரும்பிப் போய்த் திருத்தத் தொடங்கினால் முதல் பக்கம் மட்டும் பளபளக்கும், கதை முடியாது. என் மேசையில் அப்படிப் பளபளக்கும் முதல் பக்கங்கள் ஒரு கட்டு இருக்கிறது.

முடித்த கதையைப் பத்து நாள் மூடி வையுங்கள். அப்புறம் எடுத்துப் பார்த்தால் இப்படி ஒரு பத்தி இருக்கும். நான் எழுதியதுதான், வேறு யாரையும் குறை சொல்லவில்லை:

"அந்த மாலை வேளையில் ஆதவன் தன் செங்கதிர்களைச் சுருட்டிக்கொண்டு மேற்கே மறைந்துகொண்டிருந்தான். பறவைகள் கூடு திரும்பிக்கொண்டிருந்தன. சோகமே உருவாகத் திண்ணையில் அமர்ந்திருந்தான் முருகேசன். வேலை பறிபோன செய்தியை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று அவன் உள்ளம் தவியாய்த் தவித்தது."

இதில் தப்பான வரி ஒன்றும் இல்லை. ஆனால் சூரியன், பறவை, சோகம், தவிப்பு நான்கும் ஏற்கெனவே எங்கோ செய்து வைத்த சாமான்கள். நான் கடையில் எடுத்து அடுக்கியிருக்கிறேன். முருகேசன் எங்கே? அவன் வேலை போன அன்று கையில் என்ன வைத்திருந்தான் என்று கேட்டுக்கொண்டேன். மில் வேலைக்குப் போகிறவன், டிபன் கேரியர் இருக்கும். சாப்பிட்டிருப்பானா? மாட்டான். அப்படியானால் அந்தச் சோறு என்ன ஆயிற்று? நான்காவது பிரதியில் அது இப்படி வந்தது:

"முருகேசன் டிபன் கேரியரை வாசல் குழாயிலேயே கழுவினான். சோற்றைக் கன்றுக்குட்டித் தொட்டியில் கொட்டியிருந்தான். உள்ளே மிக்ஸி ஓடி நின்றது.

'என்ன இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம்?'

'மில்லுல கரண்ட் இல்ல.'

'கேரியர நீ எதுக்குக் கழுவுற?' என்றாள்."

சோகம் என்ற சொல் போய்விட்டது, தவிப்பும் போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து கேரியரைத் தொட்டுக் கழுவாதவன் இன்று கழுவுகிறான். அதை அவள் கவனித்துவிட்டாள். மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார். கன்றுக்குட்டி முதல் மூன்று பிரதிகளில் கிடையாது. மிக்ஸி கடைசியாக வந்தது: வீட்டில் கரண்ட் இருக்கிறது என்பது அவளுக்கும் அவனுக்கும் கேட்கட்டும் என்று.

திருத்தும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இந்த ஒன்றுதான்: இந்த இடத்தில் இந்த ஆளின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது? பதில் கிடைத்தால் உணர்ச்சிச் சொற்களில் பாதியை அடித்துவிடலாம். அதேபோல முதல் பத்தியை மொத்தமாக மறைத்துவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து வாசித்துப் பாருங்கள். பத்துக்கு ஏழு கதை அங்கேதான் தொடங்குகிறது. கடைசிப் பத்தியையும் அப்படியே செய்து பார்க்கலாம். அது பெரும்பாலும் கதைக்கு நாமே எழுதிய கோனார் உரை.

உரையாடலில் வட்டார வழக்கு வேண்டும் என்று நினைப்பவர்கள் எழுத்தைக் கோணலாக்கிக் காட்டப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு சொல்லையும் வாயில் வந்தபடி சிதைத்து எழுதினால் வாசகர் உச்சரிப்புப் பாடம் படிப்பது போலத் திணறுவார். வழக்கு சொல்லில் இருக்கிறது, விளிப்பில் இருக்கிறது. திருநெல்வேலிக்காரர் வேலையைச் 'சோலி' என்றால் ஊர் வந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் சின்னப் பையனிடமும் 'ங்க' போட்டுப் பேசினால் போதும். உங்களுக்குத் தெரியாத வழக்கில் எழுதாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் மூன்றாவது வரியில் கண்டுபிடித்துவிடுவார், பிறகு கதையை நம்ப மாட்டார்.

ஒற்றும் எழுத்துருவும்

இந்தப் பகுதி சலிப்பூட்டும், ஆனால் இதிலேயே பலர் கழிக்கப்படுகிறார்கள். 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம் கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் முருகன் கையிலிருக்கும் வேலைக் கொடுத்தான். ஒரு க் செய்யும் வேலை இது. எல்லா விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ', நான்காம் வேற்றுமை உருபு 'கு', 'அந்த', 'இந்த', 'எந்த'வுக்குப் பிறகு ஒற்று மிகும் என்பது தெரிந்தாலே முக்கால்வாசிப் பிழை ஓடிவிடும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 1992-இல் முதல் பதிப்பு வந்தது, அதன்பின் விரிவாக்கிய பதிப்புகளும் வந்தன. இன்று நாம் எழுதும் தமிழுக்கு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பொருள் சொல்லும் அகராதி அது.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். இரண்டு வாரம் கை பழகாமல் எரிச்சல் வரும், அதன்பின் ஆங்கில எழுத்தில் யோசித்துத் தமிழில் வரவழைக்கும் சுற்றுவழி வேண்டியதில்லை. ஒற்றைத் தானாகவே புள்ளி வைத்துக்கொடுக்கும் வசதியும் அதில் உண்டு. கோப்பை யூனிகோடில், வேர்டு வடிவில் வையுங்கள். பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் இதழில் யாரோ ஒருவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். அந்த யாரோ உங்கள் கதையின் நண்பராக இருக்க மாட்டார்.

யாரிடம் காட்டுவது

வீட்டிலிருப்பவர்கள் "நல்லா இருக்கு" என்பார்கள். முகநூலில் நூறு விருப்பக்குறி விழும். இரண்டும் இனிமையானவை, இரண்டாலும் அடுத்த பிரதிக்குப் பிரயோசனமில்லை. உங்களுக்குத் தேவை இரண்டு பேர்: ஒருவர் எழுதுகிறவர், மற்றவர் எழுதாமல் வாசிக்க மட்டும் செய்கிறவர். அவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்த இடத்தில் ஏதோ பழுது இருக்கும். பழுது என்ன என்று அவர்கள் சொல்லும் காரணம் தப்பாக இருக்கலாம், சுட்டிய இடம் தப்பாக இருக்காது.

ஊரில் வாசகர் வட்டமோ, முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான தமுஎகச, கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கிளைக் கூட்டமோ இருந்தால் போய் உட்காருங்கள். ஆறு மாதம் பேசாமல் கேளுங்கள். சண்டை வரும், டீ வரும், இரண்டுக்கும் இடையே நல்ல புத்தகம் ஒன்றின் பெயர் காதில் விழும்.

அனுப்புவதும் காத்திருப்பதும்

கதையை எங்கு அனுப்புவது என்பதற்கு முன் அந்த இதழின் நான்கு இதழ்களையாவது வாசியுங்கள். ஆனந்த விகடனுக்கும் காலச்சுவடுக்கும் ஒரே கதையை அனுப்புகிறவர் இரண்டையும் வாசிப்பதில்லை என்றே பொருள். வெகுஜன இதழில் இடம் குறைவு, இரண்டு மூன்று பக்கத்தில் முடிய வேண்டும். கணையாழி, காலச்சுவடு, உயிர்மை போன்றவற்றில் கதைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். சொல்வனம், மலேசியாவிலிருந்து வரும் வல்லினம் போன்ற இணைய இதழ்களில் பக்கக் கணக்கு அவ்வளவாகக் கிடையாது. புதியவர்கள் பலருடைய முதல் நல்ல கதை இப்போது இணையத்தில்தான் வருகிறது. கல்கி இதழும் 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது.

அனுப்பும் கடிதம் நான்கு வரிக்குள் இருக்கட்டும். கதையின் தலைப்பு, சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளியாகவில்லை, பரிசீலனையிலும் இல்லை என்ற உறுதி, முகவரி, தொலைபேசி எண். கதை எதைப் பற்றியது என்று விளக்காதீர்கள். "என் நண்பர்கள் கண்ணீர் விட்டார்கள்" என்று எழுதாதீர்கள். சில காலம் ஓர் இதழுக்காகக் கதைகளை முதல் வடிகட்டல் செய்து கொடுத்திருக்கிறேன். கண்ணீர் விட்ட நண்பர்களைப் பற்றிய கடிதம் வாரத்துக்கு ஒன்றாவது வரும்.

மூன்று மாதம் பொறுங்கள். அப்புறம் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பி, இரண்டிலும் வந்துவிட்டால் வரும் அவமானம் நெடுநாள் இருக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, எந்தக் கதை எங்கே, எந்தத் தேதி என்று எழுதி வாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் அடுத்த கதை. மறுக்கப்பட்ட கதையை உடனே திருத்தாதீர்கள். மூன்று இடத்திலிருந்து திரும்பி வந்தால் அப்போது உட்கார்ந்து பாருங்கள்.

சன்மானம் தரும் இதழ்களும் உண்டு, தராதவையும் உண்டு. சிறுபத்திரிகை தராவிட்டால் கோபப்பட மாட்டேன், அதை நடத்துகிறவர் கைக்காசு போட்டுத்தான் நடத்துகிறார். விளம்பரம் நிறைய வாங்கும் இடம் தராவிட்டால் கேட்பேன்.

புத்தகம், இப்போது சரி

பதினைந்து, இருபது கதை அச்சிலோ இணையத்திலோ வந்த பிறகு, அதிலிருந்து பத்தைப் பொறுக்க முடிகிற நிலை வரும்போது பதிப்பாளரைத் தேடலாம். கதைகளை ஏற்கெனவே வாசித்த பதிப்பாளரே ஒருநாள் அழைப்பதும் உண்டு. இதழில் எழுதுவதன் உண்மையான பலன் அது. அழைக்காவிட்டால் நீங்களே எழுதிக் கேளுங்கள். ஜனவரியில் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்காகத்தான் இங்கே புத்தகங்கள் அவசரமாக அச்சாகின்றன. நவம்பரில் பிரதியைக் கொடுத்தால் மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்த, ஆள் இருக்காது. ஏப்ரல், மே மாதத்தில் கொடுங்கள். அட்டைப்படத்துக்குக் கிடைக்கும் அக்கறையில் பாதி மெய்ப்புக்குக் கிடைக்கட்டும். கடைசி மெய்ப்பை நீங்களே, அச்சு எடுத்து, வாய்விட்டு வாசித்துத் திருத்துங்கள். சில இடங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கிறார்கள். மாற்றும்போது மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் உருமாறிப்போகும்.

"நூறு பிரதி நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று யாராவது சொன்னால், அது பதிப்பு இல்லை, அச்சுக்கூலி. அது குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அப்படியே செய்வதானால் நீங்களே அச்சகத்தில் கொடுத்து அடிப்பது மலிவு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐ இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள அரசு முகமை இலவசமாகத் தருகிறது. அதற்குத் தனியாகப் பணம் கேட்பவர் உங்கள் அறியாமைக்கு விலை போடுகிறார்.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ்ப் புத்தகத்தை நீங்களே ஏற்றலாம். ராயல்டி 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் 90 நாள் தவணையாக அமேசானிடம் மட்டுமே மின்னூலைத் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் அதே மின்னூலை வேறெங்கும் வைக்கக்கூடாது, உங்கள் சொந்தத் தளத்திலும்கூட. சிறுகதையைவிடக் குற்றக்கதை, குடும்ப நாவல் எழுதுகிறவர்களுக்கு அந்த இடம் ஒத்துப்போகும்.

கையெழுத்துப் போடும் முன்

என் இரண்டாவது புத்தகம் பேச்சுவாக்கில் கொடுக்கப்பட்டது. காகிதம் இல்லை. சில வருஷம் கழித்து அதிலிருந்த ஒரு கதையை மொழிபெயர்க்க ஒருவர் அனுமதி கேட்டார். பதிப்பாளர், உரிமை தன்னுடையது என்றார். நான் என்னுடையது என்றேன். இரண்டு வருஷம் இழுத்தது, மொழிபெயர்க்க வந்தவர் வேறு கதையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகுதான் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். முதல் நாளே வாசித்திருக்க வேண்டும்.

கதை எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் கிடைக்கும் என்பது தப்பு. வாழும் காலம் முழுவதும், இறந்தபின் 60 வருஷமும் அது நீடிக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஆக, பேச்சுவாக்கில் நான் எதையும் இழந்திருக்கவில்லை. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்.

ஆகவே கேட்டுப் பெற வேண்டியவை: அச்சுநூல் உரிமை மட்டும், மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனி வரியில், உங்கள் பெயரில். 'அனைத்து உரிமைகளும்' என்ற இரண்டு சொல் இருந்தால் பேனாவை மூடுங்கள். ராயல்டி எந்த விலையின் மேல் என்பதும் வேண்டும்: அட்டையில் போட்டிருக்கும் விலையா, கழிவு போக வரும் தொகையா? புத்தகக் காட்சியில் வாசகருக்கே பத்து சதவீதம் தள்ளுபடி, விற்பனையாளருக்கு அதைவிட அதிகம் போகும். வருஷத்துக்கு ஒருமுறை எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது என்ற கணக்கு வர வேண்டும். ஆசிரியர் பிரதி எத்தனை என்பதும். இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள். நல்ல பதிப்பாளரிடம் ஒப்பந்தம் தயாராகவே இருக்கும்.

சினிமாக்காரர் யாராவது கதை கேட்டால், சொல்வதற்கு முன் எழுதி வையுங்கள், முடிந்தால் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வையுங்கள். டீக்கடையில் வாயால் சொன்ன கதைக்குச் சாட்சி டீ மாஸ்டர் மட்டும்தான்.

எழுத்தைச் சுற்றிய வருமானம்

எழுத்தால் காசு வரும் வழிகள் புத்தகத்துக்கு வெளியில் இருக்கின்றன. மெய்ப்புப் பார்ப்பது, மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், ஒலிக்கதை, வெப் தொடருக்கும் சீரியலுக்கும் வசனம். இவற்றில் மொழிபெயர்ப்பு மட்டும்தான் உங்கள் சொந்த எழுத்துக்கும் உரம் போடுகிறது என்பது என் அனுபவம்; ஒரு நல்ல கதையை வேறு மொழியிலிருந்து கொண்டுவரும்போது அதன் எலும்பு வரை பார்க்க வேண்டியிருக்கிறது. சீரியல் வசனம் நல்ல காசு. ஆனால் எல்லாப் பாத்திரமும் மனதிலிருப்பதை அப்படியே வாயால் சொல்லும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால், முருகேசன் கேரியரைக் கழுவ மாட்டான், "ஐயோ, என் வேலை போச்சே" என்று கத்துவான்.

விருதுகளைப் பற்றி ஒரு தகவல் போதும்: சாகித்ய அகாதெமி 2011 முதல் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு யுவ புரஸ்கார் தருகிறது, 50,000 ரூபாய். அதற்காகப் புத்தகத்தை முந்தி அடிக்காதீர்கள்.

புத்தகம் வந்ததும் ஆசிரியர் பிரதிகளாகப் பத்து கிடைக்கும். முதல் வாசகர்கள் இருவருக்கு, வட்டத்து ஆட்களுக்கு, ஊர் நூலகத்துக்கு என்று கொடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொண்டு, வாசிக்கும்போது கண்ணில் படும் பிழைகளைப் பென்சிலால் குறித்து வாருங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது அந்தப் பிரதியைத்தான் பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். என் மூன்றாவது புத்தகத்தின் அந்தப் பிரதியில் இதுவரை 41 குறிகள் இருக்கின்றன. பதினேழு ஒற்றுப்பிழை. ஒரு இடத்தில் முருகேசன், முருகேஷ் ஆகியிருக்கிறான்.